மாதச் சந்தா இல்லாத ஓப்பன்வியூ: சாட்ஸ்வொர்த் தமிழ் வீட்டுக்கு அது போதுமா?

தென்னாப்பிரிக்காவின் சந்தா செயற்கைக்கோள் தொலைக்காட்சியான டிஎஸ்டிவியின் பிரீமியம் தொகுப்புக்கு 2024இல் மாதம் 929 ரேண்டாக இருந்த கட்டணம் 2025 ஏப்ரலில் 979 ரேண்டாக உயர்ந்தது. பதிவுசெய்யும் வசதியுள்ள டிகோடர் (செட் டாப் பாக்ஸ்) வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் 100 ரேண்டைத் தாண்டிய அணுகல் கட்டணத்தையும் கட்ட வேண்டும். தமிழ் அலைவரிசைகள் வேண்டுமென்றால் அதற்குத் தனித் தொகை. அரசு தரும் முதியோர் உதவித்தொகை 2025இல் மாதம் 2,300 ரேண்டைச் சற்றே தாண்டியது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தத் தொகையில் பாதிக்குக் கிட்டத்தட்ட ஈடான பணம் வரவேற்பறையிலுள்ள ஒரு பெட்டிக்குப் போனது என்பது விளங்கும். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் அம்மாவின் உதவித்தொகையும் என் சிறு ஓய்வூதியமும் மருமகனின் சம்பளமும் சேர்ந்துதான் அடுப்பு எரிகிறது. மருமகனுக்கு ஆலையில் வேலை நாள்களைக் குறைத்துவிட்டபோது, மின்சாரத்தையும் மளிகையையும் வெட்ட முடியாத நிலையில், வெட்டக்கூடியதாகக் கண்ணில் பட்டது தொலைக்காட்சிச் செலவுதான்.

மாதச் சந்தா இல்லாத செயற்கைக்கோள் சேவையான ஓப்பன்வியூவுக்கு மாறுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைச் செய்யாதவர்கள்தான் மாறிய சில மாதங்களில் மீண்டும் பழைய சந்தாவுக்கே திரும்புகிறார்கள். வீட்டில் யார், எந்த நேரத்தில், எந்த அலைவரிசையைப் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வைப்பதே அந்த வேலை. நூற்றுக்கும் மேற்பட்ட அலைவரிசைகளுக்குப் பணம் கட்டும் வீட்டில் உண்மையில் ஓடுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே. எங்கள் தாளில் மாலை ஏழு மணிச் செய்தி, பேரக் குழந்தைகளின் கார்ட்டூன், இரவில் ஏதாவது ஓர் ஆங்கிலப் படம், மகள் பார்க்கும் சீ வேர்ல்ட் அலைவரிசையின் ஆங்கிலக் குரல் கொடுத்த இந்தி நாடகங்கள், மருமகனின் கிரிக்கெட், அம்மாவின் தமிழ் சீரியல்கள் ஆகியவை இருந்தன. முதல் மூன்றையும் இந்த நாட்டில் மாதச் சந்தா இல்லாமலேயே பார்க்க முடியும். நான்காவதை மகள் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தாள். கடைசி இரண்டுக்கு விடை கண்டுவிட்டால் மாற்றம் நிலைக்கும் என்பது தாளைப் பார்த்தவுடன் தெரிந்தது.

ஓப்பன்வியூ என்பது இலவச அலைவரிசையான இ.டிவியை நடத்தும் இமீடியா குழுமம் 2013 அக்டோபரில் தொடங்கிய செயற்கைக்கோள் சேவை. டிகோடரை ஒரே ஒருமுறை கடையில் வாங்கினால் போதும். பிறகு மாதந்தோறும் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. டிகோடரின் விலை கடைக்குக் கடை மாறினாலும் சில நூறு ரேண்டுக்குள் அடங்கிவிடுகிறது. அதாவது, பிரீமியம் கட்டிய வீடு ஒரே மாதம் அதைக் கட்டாமல் இருந்தால் மிச்சமாகும் பணத்திலேயே டிகோடரின் விலை அடைபட்டுவிடும். இதைவிடச் சுருக்கமான வரவு செலவுக் கணக்கு வேறொரு சேவைக்கும் இல்லை என்றே சொல்வேன்.

பலர் அறியாத, ஆனால் பணத்தை மிகவும் மிச்சப்படுத்தும் செய்தி டிஷ் பற்றியது. டிஎஸ்டிவியும் ஓப்பன்வியூவும் கிழக்குத் தீர்க்கரேகை 68.5 பாகையில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்தே அலைபரப்பு செய்கின்றன. ஆகவே டர்பனில் வடகிழக்கு வானை நோக்கிக் கூரையில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் டிஷ்ஷைத் தொடவே வேண்டியதில்லை. பழைய டிகோடரிலிருந்து கேபிளைக் கழற்றிப் புதியதில் மாட்டினால் பெரும்பாலான வீடுகளில் படம் வந்துவிடும். சிக்கல் வரக்கூடிய இடம் டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அலையைப் பிடித்துக் கேபிளில் அனுப்பும் எல்என்பி மட்டுமே. பதிவுசெய்யும் டிகோடர்களுக்கென்று மாட்டப்பட்ட புதுவகை எல்என்பியில், எல்லா வெளியீடுகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சாதாரண டிகோடருக்கு உரிய பொது வெளியீடு எது என்று பார்த்து, கேபிளை அதற்கு மாற்ற வேண்டியிருக்கும். அல்லது, குறைந்த விலையில் கிடைக்கும் சாதாரண எல்என்பி ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம்.

இதை அறியாதவர்களிடம் பணம் பறிக்கும் கூட்டமும் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு வந்த ஒரு நிறுவுநர், வேறு சேவைக்கு மாறினால் புது டிஷ், புதுக் கேபிள், புது எல்என்பி அத்தனையும் வேண்டும் என்று சொல்லி, டிகோடரின் விலையைவிடப் பல மடங்கு கூடுதலான ஒரு தொகையைக் கேட்டார். அவரை அனுப்பிவிட்டு மருமகனே கூரையேறிக் கேபிளை மாற்றினார். வேலை தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. கூரை உயரமானதாகவோ ஓடுகள் பழையனவாகவோ இருந்தால் ஆள் வைப்பதே நல்லது. ஆனால் ஆளை அழைக்கும்போதே, டிஷ் ஏற்கெனவே 68.5க்குத் திருப்பப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டுக் கூலியைப் பேச வேண்டும்.

டிகோடரை மாட்டியபின் அதைப் பதிவுசெய்து இயக்க வேண்டும். பெட்டியின் அடியிலுள்ள எண்ணையும் பெயர் விவரத்தையும் கொடுத்தால் போதும். அதற்குக் கட்டணம் இல்லை. எச்டிஎம்ஐ துளை இல்லாத பழைய தொலைக்காட்சிக்கும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறக் கம்பியால் இணைக்கலாம் என்பதால், டிகோடரோடு தொலைக்காட்சியையும் மாற்ற வேண்டுமோ என்ற அச்சம் தேவையில்லை. ஒரு டிகோடர் ஒரு தொலைக்காட்சிக்கு மட்டுமே. மற்றோர் அறையில் வேறு அலைவரிசை பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு டிகோடரையும் எல்என்பியிலிருந்து தனிக் கேபிளையும் வாங்க வேண்டும். அதற்கும் மாதக் கட்டணம் கிடையாது என்பதை நினைவில் கொண்டால் இது பெரிய குறையாகத் தோன்றாது.

படத்தின் தரம் நன்றாகவே இருக்கிறது. பொதுத்துறை ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசியின் மூன்று அலைவரிசைகளும் இ.டிவியும் கூரை ஆன்டெனாவில் புள்ளி புள்ளியாக வந்த வீடுகளில் இந்த ஒரு காரணத்துக்காகவே டிகோடரை வாங்கலாம். சாட்ஸ்வொர்த்தின் மேடும் பள்ளமுமான தெருக்களில் ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓர் அலைவரிசை வந்தால் மற்றொன்று மறையும் என்பதை இங்கு வாழ்பவர்கள் அறிவார்கள். அவற்றோடு எஸ்ஏபிசி ஸ்போர்ட், இமூவீஸ், இமூவீஸ் எக்ஸ்ட்ரா, குழந்தைகளுக்கான இடூன்ஸ், இஎக்ஸ்ட்ரா முதலியவையும் பாடல், சமயம், கல்வி சார்ந்த அலைவரிசைகளும் உண்டு. படங்கள் பழையனவே, ஒரே படம் மீண்டும் மீண்டும் வருவதும் உண்மை. இஎக்ஸ்ட்ராவில் ஆப்பிரிக்கான்ஸ் குரல் கொடுத்த துருக்கி நாடகங்கள் வருகின்றன. இந்தி நாடகத்தை விட்டுவந்த என் மகள் இப்போது அவற்றில் மூழ்கியிருக்கிறாள். மாமியார், மருமகள், மறைக்கப்பட்ட பிறப்பு, சொத்துத் தகராறு என்று எல்லாம் நம் சீரியல்களில் உள்ளபடியேதான் இருக்கின்றன, புடவை மட்டும்தான் இல்லை. கோடைகால இடிமழையில் படம் சிறிது நேரம் உறைந்து நிற்கும்; இது செயற்கைக்கோள் வழியாக வரும் எந்தச் சேவைக்கும் பொது என்பதால் இதற்காக மட்டும் மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனமில்லை.

குறை சொல்ல வேண்டிய இடம் விளையாட்டு. உயர்தர ஆட்டங்களின் உரிமை பெரும்பாலும் டிஎஸ்டிவியில் வரும் சூப்பர்ஸ்போர்ட்டிடம் இருக்கிறது. எஸ்ஏபிசி அவற்றில் சிலவற்றைத் துணை உரிமத்தில் வாங்கிக் காட்டுகிறது. ஆனால் எஸ்ஏபிசி காட்டும் ஆட்டமெல்லாம் ஓப்பன்வியூவில் வரும் என்று எண்ணிவிடக்கூடாது. 2023 ரக்பி உலகக் கோப்பையின்போது எஸ்ஏபிசிக்குக் கிடைத்த துணை உரிமத்திலேயே ஓப்பன்வியூவுக்குத் தடை இருந்ததால், ஆன்டெனா வைத்திருந்தவர்கள் கண்ட ஆட்டங்களை இந்த டிகோடர் வைத்திருந்தவர்கள் காணவில்லை. ஆகவே பழைய ஆன்டெனாவைக் கூரையிலிருந்து இறக்கிவிடாதீர்கள். கிரிக்கெட்டைப் பொறுத்தவரை, ஐபிஎல் ஆட்டங்களையும் இந்த நாட்டின் எஸ்ஏ20 தொடரையும் முழுமையாக நேரலையில் பார்க்க விரும்பும் வீட்டுக்கு இந்த டிகோடர் போதாது. சென்னை அணியின் உரிமையாளர்களே ஜோபர்க் சூப்பர் கிங்ஸையும் நடத்துவதால், எங்கள் பக்கத் தமிழ் இளைஞர்களில் சிலர் டர்பன் அணிக்குத் துரோகம் செய்து மஞ்சள் சட்டை அணிகிறார்கள். அவர்களிடம் போய் ஓப்பன்வியூவைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை. மருமகன் முக்கியமான ஆட்டங்களைத் தன் அண்ணன் வீட்டில் பார்க்க ஒத்துக்கொண்டதால் எங்கள் வீட்டில் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

இனித் தமிழ். ஓப்பன்வியூவில் தமிழ் அலைவரிசை கிடையாது. சன் டிவி, கே டிவி போன்றவற்றைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்க்க எங்கள் பெரியவர்கள் நெடுங்காலமாகப் பழகியது சந்தா சேவையின் தென்னிந்தியத் தொகுப்பின் வழியாகத்தான். சென்னையில் இரவு ஒன்பது மணிக்கு ஒளிபரப்பாகும் சீரியல் இங்கே மாலை ஐந்தரைக்கு வரும். விளக்கேற்றும் வேளைக்குச் சற்று முன்பாக வருகிற அந்த நேரம் இங்குள்ள ஆயாக்களுக்கு, அதாவது பாட்டிகளுக்கு, நன்றாக ஒத்துப்போய்விட்டது. இந்த நாட்டில் தமிழ் பேசும் தலைமுறை குறைந்துவரும்போது, நாள் முழுவதும் ஆங்கிலமே ஒலிக்கும் வீட்டில் ஒரு மூதாட்டிக்குத் தமிழ் காதில் விழும் நேரம் இந்தச் சீரியல் நேரம்தான் என்றால் அதைச் செலவுக் கணக்கில் வெறும் பொழுதுபோக்காக எழுதக்கூடாது. அம்மாவுக்குத் தமிழ் இல்லாமல் செய்துவிட்டு மிச்சம் பிடிக்கும் எந்தத் திட்டத்தையும் நான் ஏற்றிருக்க மாட்டேன்.

எங்களுக்கு வாய்ப்பாக அமைந்தது, பேத்தியின் படிப்புக்காக வீட்டுக்கு வந்திருந்த வரம்பற்ற ஃபைபர் இணைப்பு. அதற்கு எப்படியும் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். இணையம் இருந்தால் தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் பல வழிகள் உண்டு. சன் குழுமத்தின் சன் நெக்ஸ்ட் செயலி 2017 முதல் இருக்கிறது. அக்குழுமத்தின் சீரியல்களை விரும்பிய நேரத்தில் பார்க்கலாம். யப்டிவி போன்ற சேவைகள் இந்திய அலைவரிசைகளை வெளிநாட்டில் வாழ்பவர்களுக்காகவே இணையத்தில் தருகின்றன. இவை இரண்டும் சந்தா சேவைகளே என்பதால், பணம் கட்டுமுன் உங்கள் பெரியவர் பார்க்கும் அலைவரிசை தென்னாப்பிரிக்காவுக்கான பட்டியலில் இருக்கிறதா, நேரலையாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். செய்திக்குச் செலவே இல்லை: தந்தி டிவி, புதிய தலைமுறை, பாலிமர் நியூஸ் ஆகியவை யூடியூபில் இலவசமாக நேரலையில் கிடைக்கின்றன. பழைய தமிழ் சீரியல்கள் நூற்றுக்கணக்கான பகுதிகளாக அதே இடத்தில் இருக்கின்றன. அம்மா புதிய சீரியலைத் தொடர்வதைவிட, முன்பு பார்த்த பழைய சீரியலை முதல் பகுதியிலிருந்து மீண்டும் பார்ப்பதையே விரும்புகிறார் என்பது பெட்டியை மாற்றிய பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

ஃபைபர் இல்லாத வீடுகளுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். காரணம் கணக்கில் இருக்கிறது. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரக் காணொளிக்குச் சுமார் 1 ஜிபி செலவாகிறது; உயர்தரத்தில் சுமார் 3 ஜிபி. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால் சாதாரணத் தரத்திலேயே மாதம் 90 ஜிபி, உயர்தரத்தில் 270 ஜிபி. கைப்பேசியில் ஜிபி கணக்கில் டேட்டா வாங்கும் குடும்பம் இதைச் செய்தால், பழைய சந்தாவைவிட அதிகம் செலவழிக்க நேரும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு முதியவர் தமிழ் அலைவரிசைக்காகவே தொலைக்காட்சியின் முன் உட்கார்கிறார் என்றால், சந்தாவை முழுவதும் நிறுத்தாமல், தென்னிந்தியத் தொகுப்பைச் சேர்க்க அனுமதிக்கும் மிகக் குறைந்த அடிப்படைத் தொகுப்பு எது என்று கேட்டு அதற்கு இறங்கிவிட்டு, மற்றவர்களுக்கு ஓப்பன்வியூவை வைத்துக்கொள்வதே அறிவுடைமை. இரண்டு வெளியீடுகள் கொண்ட எல்என்பி இருந்தால் ஒரே டிஷ்ஷில் இரண்டு டிகோடர்களும் வேலை செய்யும். தெருவில் கோவிந்தம்மா ஆயா என்று எல்லாரும் அழைக்கும் மூதாட்டியின் வீட்டுக்கு நான் சொன்னதும் இதுதான்; அங்கே சந்தா முற்றாக ஒழியாவிட்டாலும் பெருமளவு குறைந்துவிட்டது. இணையத்துக்கும் வழியில்லை, தொகுப்புக்கும் வழியில்லை என்பவர்களுக்கு லோட்டஸ் எஃப்எம் வானொலியின் தமிழ் நேரம் இருக்கிறது.

வேறு மலிவான வழிகளும் இல்லாமல் இல்லை. டிஎஸ்டிவியிலேயே ஈசிவியூ என்ற அடிமட்டத் தொகுப்பு 2025இல் மாதம் 30 ரேண்ட் அளவில் கிடைத்தது. ஆனால் அதில் வருபவற்றில் பெரும்பகுதிக்கு நிகரானவை ஓப்பன்வியூவில் கட்டணமில்லாமலே வருகின்றன. இணையம் வழியாக மட்டும் பார்க்கும் சந்தாவும் உண்டு. என்றாலும் 2022இல் ஒரு கணக்கில் ஒரே நேரத்தில் ஒரு கருவியில்தான் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு வந்ததால், சகோதரர் இருவர் ஒரு சந்தாவைப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஏற்பாடு அவ்வளவாகப் பயன்படாமல் போனது. 2010இல் டாப்டிவி என்று தொடங்கிப் பின் ஸ்டார்சாட் என்று பெயர் மாறிய சேவை நடுத்தர விலைக்கு ஒரு மாற்றாக இருந்தது. 2024இல் ஒழுங்குமுறை ஆணையம் அதன் ஒளிபரப்பை நிறுத்தச் சொன்னதோடு அந்த வழி அடைபட்டது. எஸ்ஏபிசியின் இலவசச் செயலியான எஸ்ஏபிசி பிளஸ் 2022 முதல் இருக்கிறது. டிகோடர் இல்லாத அறையில் செய்தி பார்க்க அது உதவும்.

பழைய சந்தாவை நிறுத்துவதில் கவனம் வேண்டும். பணம் கட்டாமல் விட்டால் இ16 என்ற எண்ணோடு அலைவரிசைகள் மறைந்துவிடும். அதைக் கண்டு சந்தா முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. படம் நின்றது வேறு, ஒப்பந்தம் முடிந்தது வேறு. முறைப்படி எழுத்தில் தெரிவித்து, அதற்கான குறிப்பு எண்ணை வாங்கி, எந்த மாத முடிவோடு கணக்கு மூடப்படுகிறது என்பதையும் எழுத்திலேயே பெற வேண்டும். விலையை மாற்றாமல் வைத்திருப்பதாகச் சொல்லி இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் டிகோடரோடு சேர்த்துக் கொடுக்கும் திட்டத்தில் இருப்பவர்களும் அஞ்ச வேண்டியதில்லை: 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் குறித்த கால ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமையைத் தருகிறது. நியாயமான அளவில் ஒரு விலகல் கட்டணத்தை நிறுவனம் கேட்கலாம். மீதமுள்ள மாதங்களுக்கான முழுப் பணத்தையும் கேட்டால் அதை எதிர்த்துப் பேசலாம். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு, சேவை ஒன்றை நிறுத்திய பிறகும் மாதந்தோறும் தானாகப் பணம் எடுக்கும் டெபிட் ஆர்டர் மூலம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. கையில் குறிப்பு எண் இருந்ததால் வங்கி அதைத் திருப்பிக் கொடுத்தது. நிறுத்திய பின் வரும் இரண்டு மாத வங்கிக் கணக்கையாவது வரிவரியாகப் பாருங்கள்.

மாதச் சந்தா இல்லை என்பதால் தொலைக்காட்சி உரிமம் தேவையில்லை என்று ஒரு பேச்சு எங்கள் பக்கம் உலவுகிறது, அது தவறு. எஸ்ஏபிசிக்குச் செலுத்தும் உரிமக் கட்டணம் எந்த டிகோடர் வைத்திருந்தாலும் உண்டு. ஆண்டுக்கு 265 ரேண்ட். தாமதித்தால் அபராதம் மாதம் 10 விழுக்காடாக ஏறும். முதியோர் உதவித்தொகை பெறுபவர்களுக்கும் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் ஆண்டுக்கு 74 ரேண்ட் மட்டுமே என்ற சலுகை இருக்கிறது. ஆனால் அது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் முழுக் கட்டணத்தையும் கட்டிவரும் பெரியவர்கள் எங்கள் கோவில் வட்டத்திலேயே பலர். வீட்டில் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உழைக்கும் மகன் பெயரில் இருந்தால், வீட்டின் உரிமத்தை உதவித்தொகை பெறும் தாயின் பெயருக்கு மாற்ற முடியுமா என்று எஸ்ஏபிசியிடம் கேளுங்கள்.